நூற்று நாற்பத்தேழாம் குரல்

அந்தோனிமுத்து மாமாவின் வாழ்க்கை முப்பத்தொரு நிமிடம் ஓடும். மன்னார்க் கரை, படகு இயந்திரங்கள், கிழக்கு பேர்லின், கப்பல், வைலே நகரத்துச் சுவிங்கம் தொழிற்சாலை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. கடைசியில் "போதும் பிள்ளை, மீன் ஆறுது" என்கிறார். ரேப்ரெக்கோடரின் பொத்தான் டக் என்று எழும்புகிறது. அதன் பிறகு ஒரு பெண் குரல் வருகிறது. அது அவருடைய மனைவி மேரிசெலினின் குரல். முதலில் அந்தக் கசெற்றின் ஒரு பக்கம் முழுவதும் அந்தக் குரல்தான் இருந்தது. அதில் முப்பத்தொரு நிமிடத்தை அழித்தவள் நான்.

தெரியாமல் நடந்தது என்று என் அம்மா சொல்கிறா. நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

டென்மார்க்கில் மாவட்டத்தை அம்ட் என்பார்கள். எங்களுக்கு ஆஸ்பத்திரி, உயர்தரப் பள்ளிக்கூடம், பெரிய வீதிகள் எல்லாம் அம்ட்தான். இருநூறு வருடங்களுக்கு முன்னர் அரசன் நாட்டை மறுபடி பிரித்து வரைந்தபோது எங்கள் அம்ட் பிறந்தது. 1994இல் அதற்குப் பிறந்தநாள். பொதுவாக இப்படியான கொண்டாட்டங்களுக்கு ஒரு தடித்த புத்தகம் அச்சிட்டு, யாரும் வாசிக்காமல் அலுமாரியில் வைப்பார்கள். வைலே நூலகத்தில் வேலை செய்த பிர்கிட்டுக்கு அது பிடிக்கவில்லை. இருநூறு வருடத்துக்கு இருநூறு குரல் என்று ஒரு யோசனை வைத்தா. அம்டில் வாழும் சாதாரண ஆட்கள் இருநூறு பேர் தங்கள் வாழ்க்கையைத் தாங்கள் கனவு காணும் மொழியில் சொல்ல வேண்டும். நூலகத்தில் நாற்காலிகளும் காதுக்கருவிகளும் வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். கண்காட்சி முடிந்ததும் எல்லாம் சுவடிக்கூடத்துக்குப் போய், அடுத்த இருநூறாம் ஆண்டு வரை அங்கே இருக்கும்.

நான் அப்போது இந்தியாவிலும் நேபாளத்திலும் ஒன்றரை வருடம் திரிந்துவிட்டு வந்து, அம்மா வீட்டில் சும்மா இருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. பிர்கிட் என்னை இரண்டு மாதத்துக்கு எடுத்தா. அவவின் பட்டியலில் பன்றி வளர்ப்பவர், மருத்துவிச்சி, படகுக்காரர், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டியவர் என்று வரிசையாக இருந்தது. நூற்று நாற்பத்தேழாம் வரியில் "தமிழர், ஒருவர்" என்று மட்டும் இருந்தது.

"யாராக இருந்தாலும் சரியா?" என்று கேட்டேன்.

"அதை நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த தமிழர் நீ ஒருத்திதான்" என்றா பிர்கிட்.

நான் அந்தோனிமுத்து மாமாவைத் தெரிந்தெடுத்தேன். அவர் பகிடியாகக் கதைப்பார். யாருடைய சைக்கிளோ தையல் இயந்திரமோ பழுதானால் அதன் சத்தத்தைக் கேட்டே வருத்தம் என்னவென்று சொல்லுவார். தொழிற்சாலையில் மெந்தால் பக்கத்தில் வேலை. பூசைக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றால் அந்த மணத்தில் கண் குளிரும். தனியாக இருந்தார். மனைவி ஊரில் செத்துப்போனா என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனேன். ஃபியோர்ட் என்னும் கடற்கழியிலிருந்து வந்த பனிப்புகார் அவருடைய மூன்றாம் மாடி யன்னல் வரை ஏறியிருந்தது. அவர் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றார்.

"இருநூறு வயசோ? எங்கட கோயில் கிணறு அதைவிடக் கிழடு. அதுக்கு ஒருத்தரும் கேக் வெட்டேல்லை" என்றார் என்னைக் கண்டதும்.

"மாமா, உங்கட கதையைத்தான் கேக்கினம். கிணத்தின்ரை கதையை இல்லை."

"கிணத்தைக் கேட்டால் நல்லாச் சொல்லும். இரு, இதைப் பிரட்டிப் போட்டு வாறன்."

நான் அறையில் ரேப்ரெக்கோடரைத் திறந்தேன். உள்ளே முந்தின நாள் பதிந்த பன்றிக்காரரின் கசெற் இருந்தது. இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. வெற்றுக் கசெற் எடுத்துவர மறந்துவிட்டேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கே கடைகள் பூட்டிவிடும். திங்கட்கிழமை மறுபடி வந்திருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை லிஸ்பனுக்கு எனக்கு விமானம் இருந்தது. பிர்கிட்டின் வேலையைத் திங்களோடு முடித்துக் கொடுத்துவிட்டு, செவ்வாயும் புதனும் பைகட்ட வேண்டும் என்பது என் கணக்கு. வந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வைலே எனக்குக் கழுத்தைப் பிடித்தது.

சுவரோரம் இரண்டு இடத்தில் கசெற்றுகள் இருந்தன. தொலைக்காட்சிக்குக் கீழே கடையில் வாங்கிய பாட்டுக் கசெற்றுகள், பெட்டிகளோடு, இருபது முப்பது. அவை புதிதாகவும் நல்லவையாகவும் இருந்தன. மாதா படத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று. பெட்டி இல்லை. போல்பொயின்ற் பேனையால் "மாதா பாடல்கள்" என்று எழுதி, எழுத்து மங்கிப்போயிருந்தது. எதை அழித்தாலும் நட்டமில்லாதது அதுதான் என்று நினைத்தேன்.

"மாமா, பாட்டுக் கசெற் ஒண்டு எடுக்கட்டோ?" என்று கத்தினேன்.

எண்ணெய் பொரியும் சத்தத்துக்குள்ளிருந்து அவர் சொன்னார்: "எடு பிள்ளை. உனக்கில்லாததோ."

போட்டுக் கேட்டேன். உண்மையாகவே மாதா பாட்டு. பத்து விநாடி கேட்டுவிட்டுத் திரும்பத் தொடக்கத்துக்குச் சுற்றினேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒளிக்க இடமில்லை. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் கசெற்றுகள் வந்தன. அந்த வருடங்களில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள்கூடக் கசெற்றில் கதைத்து அனுப்பினார்கள். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட, அங்கிருந்து தபாலில் வரும். வழியில் காவலரண்களில் போட்டுக் கேட்பார்கள் என்பதால் மேலே பக்திப் பாட்டு என்று எழுதி, முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டும் பதிந்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். பதினைந்து வயதில் நானே அம்மாவுக்கு அப்படிப் பதிந்து கொடுத்திருக்கிறேன். அழியாமல் இருக்க ஓரத்துத் தகட்டை உடைத்துவிட்ட ஓட்டைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, வந்த கசெற்றின் மேலேயே பதில் பதிந்து திருப்பி அனுப்புவதும் வழக்கம். அந்தக் கசெற்றிலும் ஒட்டுத்தாள் இருந்தது. அது என் விரலில் பட்டது. பட்டும் நான் பொத்தானை அமத்தினேன்.

அவர் மீன் தட்டோடும் தேத்தண்ணியோடும் வந்து உட்கார்ந்தார். ரேப்ரெக்கோடரை ஒருக்கால் பார்த்தார். உள்ளே இருப்பது எது என்று அதன் கறுப்பு மூடிக்குள்ளால் தெரியாது.

நன்றாகக் கதைத்தார். 1951இல் பிறந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் படகு இயந்திரம் திருத்தப் பழகியது. எண்பத்துமூன்றில் கலியாணம். எண்பத்தாறு தொடக்கத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்கு வந்து, கப்பலேறி, டென்மார்க் காவல்துறைக்காரனிடம் முதல் முதலாகச் சொன்ன ஆங்கில வசனம். அது "என்ஜின் குட்" என்பது. கப்பலின் இயந்திரத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். அவனுக்கு அது எப்படி விளங்கியதோ, ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தானாம்.

பிறகு அகதி முகாம், மொழிப் பாடசாலை, தொழிற்சாலை. மொழிப் பாடசாலையில் ஒருநாள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி யெல்லிங்குக்குக் கொண்டுபோய் அரசர்களின் கற்களைக் காட்டியிருக்கிறார்கள். இந்த அம்டிலேயே தனக்குப் பிடித்த பொருள் அங்கேயிருக்கும் சின்னக் கல்தான் என்றார். பெரிய கல்லை எல்லோரும் படம் எடுப்பார்கள். சின்னக் கல் ஓர் அரசன் தன் மனைவிக்கு வைத்தது.

"ரீச்சர் வாசிச்சுச் சொன்னவ. இவள் டென்மார்க்கின்ரை அலங்காரம் எண்டு எழுதியிருக்காம். ஆயிரம் வருசமாம். அந்த மனுசன் சண்டை பிடிச்சது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை, பெண்சாதிக்குக் கல்லு வைச்சது ஞாபகம்."

அப்போது நான் கேட்டேன், "உங்கட மனுசியைப் பற்றிச் சொல்லுங்கோவன் மாமா" என்று.

"கலியாணம் முடிச்சனான். அவ வரேல்லை" என்றார். தேத்தண்ணியை ஊதினார். "போன வருசம் இந்தத் தமிழர் வழக்கு அறிக்கை வந்து அரசாங்கம் விழுந்ததெல்லோ. தொழிற்சாலையில எல்லாரும் எனக்குக் கைதந்தவங்கள். நான் ஏதோ வெண்டமாதிரி. உன்ரை வழக்கு உன்ரை வழக்கு எண்டு. என்ரை வழக்கு இல்லையடா, செலின்ரை வழக்கு எண்டு சொல்ல டெனிஷ் வரேல்லை. ராக் எண்டு போட்டு மிசினுக்குப் போயிட்டன்." ராக் என்பது டெனிஷ் மொழியில் நன்றி. அதோடு பேச்சை இயந்திரங்களுக்குத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் மீன் ஆறுது என்றார்.

போகும்போது கசெற்றை என் பைக்குள் வைத்தேன். பதிந்ததை எழுதி முடிக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும். மாதா படத்தின் பக்கம் அவர் அப்போது திரும்பவில்லை.

ஞாயிறு மத்தியானம் என் அறையில் உட்கார்ந்து டெனிஷ் சுருக்கம் எழுதினேன். முப்பத்தோராவது நிமிடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டுப் பேனைக்கு மூடி போட்டேன். கசெற்றை நிறுத்த மறந்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. நடுவசனத்தில் தொடங்கியது.

"...உரஞ்சிப்போச்சு, ரெண்டு முழங்காலும். சிரிக்காதேங்கோ. டென்மார்க்கில பெண்டுகள் எல்லாரும் சைக்கிள் ஓடுறவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பூசை முடிஞ்சு சனம் போனாப் பிறகு கோயில் வளவுக்குள்ளை ஓடிப் பாக்கிறன். பங்குச் சுவாமி கண்டிட்டார். என்ன மேரிசெலின், டென்மார்க்குக்குச் சைக்கிளிலையே போகப்போறியோ எண்டு கேக்கிறார். விசா வராட்டில் அப்பிடித்தான் சுவாமி எண்டனான்..."

பின்னால் கோழி கத்தியது. யாரோ ஒரு பெண் அவவைக் கூப்பிட்டா. மேரிசெலின் கம்பளிச் சட்டை அளவு சரியோ என்று அவரைக் கேட்டா. கலியாணச் சேலையின் நிறம் என்ன என்று விசாவுக்கு எங்கள் இருவரிடமும் கேள்வி கேட்டால் ஒரே பதில் சொல்ல வேண்டும், நான் அரக்கு என்று சொல்லப்போகிறேன், நீங்கள் சிவப்பு என்று சொல்லிப்போடாதேயுங்கோ என்றா. இப்படிப் பதினான்கு நிமிடம். கடைசியில், "சக்கரம் சின்னனாப் போகுது, முடியப்போகுது போல. மற்றப் பக்கம் உங்களுக்கு. வெறுமையா விட்டிருக்கிறன். உதிலை பதிஞ்சு அனுப்புங்கோ" என்றா. நாடா முடிந்தது.

மற்றப் பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடமும் வெறுமை. அவர் பதிலே பதியவில்லை. நான் கசெற்றை மறுபுறம் பிரட்டிப் போட்டிருந்தால் ஒரு வசனமும் அழிந்திருக்காது.

அம்மாவிடம் போய், அந்தோனிமுத்து மாமாவின் மனைவி எப்போது இறந்தவ என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். எண்பத்தெட்டு ஐப்பசி என்றா அம்மா. அப்பெண்டிக்ஸ் வெடித்து, ஊரடங்குக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல். தமிழரின் குடும்பங்களைச் சேர்க்கிற விண்ணப்பங்களை அமைச்சர் கோப்பன்ஹேகனில் நிறுத்திவைத்திருந்த காலம்; மாமா சொன்ன தமிழர் வழக்கு அதுதான். மேரிசெலினுக்கு அனுமதி அடுத்த வருடம் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் என் அப்பாவிடம் கொண்டுவந்து, இதற்கு என்ன பதில் எழுதுகிறது என்று கேட்டாராம்.

ஞாயிறு பின்னேரமே அவரிடம் போயிருக்க வேண்டும். பஸ்ஸில் பத்து நிமிடம். நான் போகவில்லை. திங்கள் காலை கசெற்றை நூலகத்தில் பிரதி எடுக்கக் கொடுத்தேன். படிவத்தில் "பதிவு முடியும் நிமிடம்" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். முப்பத்தொன்று என்று எழுதினால், பிறகு இருப்பது என்ன என்று பிர்கிட் கேட்பா என்று பயம். செவ்வாய் கசெற்றைத் திருப்பித் தந்தார்கள். வியாழன் அது என் முதுகுப்பையின் அடியில், சொக்ஸுக்குள், லிஸ்பனுக்கு வந்தது.

ஒன்பது மாதம் திரிந்தேன். போர்த்துக்கல், மொறோக்கோ, பிறகு ஸ்பெயின் கரையோரமாக மேலே. உணவகங்களில் கோப்பை கழுவினேன். தபாலில் அனுப்பிவிடலாம் என்று மூன்று தரம் உறை வாங்கினேன். உறைக்குள் என்ன எழுதி வைப்பது என்று தெரியவில்லை. ஒருதரம்கூட அதைப் போட்டுக் கேட்கவில்லை. எங்கே படுத்தாலும் பை தலைமாட்டில் இருந்தது.

கார்த்திகையில் வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னா: "அந்தோனிமுத்து மூண்டு தரம் வந்தவர். கிளோறியா ஒரு பாட்டுக் கசெற் எடுத்துக்கொண்டு போனவள், கிடக்கோ மேரிகிறேஸ் எண்டு என்னைக் கேட்டவர். நான் உன்ரை அறை முழுக்கக் கிளறினன். எங்கயடி அது?"

"என்னட்டைக் கிடக்கு."

"பாட்டுக் கசெற்றுக்கு ஆரும் மூண்டு தரம் வருவினமோ" என்றா அம்மா. என் முகத்தைப் பார்த்தா. பிறகு கறி போடுவதை நிறுத்திவிட்டு அடுப்பங்கரையில் போய் நின்றா. அவவும் அப்படிக் கசெற் கேட்டு வாழ்ந்தவதானே.

அடுத்த நாள் காலை நேராக அவரிடம் போகத் துணிவு வரவில்லை. நூலகத்துக்குப் போனேன். கண்காட்சி இன்னும் நடந்தது. வாசலில் அம்டின் கொடிகளும், யெல்லிங் கற்களின் படம் போட்ட பெரிய பதாகையும். உள்ளே சாம்பல் நிற நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் இலக்கமும் ஒரு சிவப்புப் பொத்தானும். பொத்தானை அமத்தினால் கதை தொடக்கத்திலிருந்து ஓடும். நடுவில் தாண்டிப் போக வழியில்லை.

பிர்கிட் என்னைக் கட்டிப்பிடித்தா. "உன் நூற்று நாற்பத்தேழுதான் எங்களுக்கு மிகவும் பிரியமானது. ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் முடிவில் நீ கதைக்கிற இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தக் கோழி! எங்கே வைத்துப் பதிந்தாய்?"

அந்தப் பெண் குரல் என்னுடையது என்று பிர்கிட் நினைத்திருந்தா. நான் இல்லை என்று சொல்லவில்லை.

"அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார்" என்றா. "கதவு திறந்தவுடன் வந்து, தன் கதையையே முழுவதும் கேட்டுவிட்டுப் போகிறார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பெருமை பிடித்த மனிதர் என்று நினைத்தேன். பிறகு அப்படித் தோன்றவில்லை. முதல் பாதியில் கண்ணை மூடி இருப்பார். நித்திரை என்றுதான் நினைப்பேன். கடைசியில் எழும்பி நிமிர்ந்து இருப்பார்."

மே மாதத்திலிருந்து ஏறக்குறைய முப்பது சனிக்கிழமைகள். மேரிசெலினிடம் போய்ச் சேர ஒவ்வொரு தரமும் அவர் தன் சொந்தக் கதை முப்பத்தொரு நிமிடத்தையும் இருந்து கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் "கலியாணம் முடிச்சனான், அவ வரேல்லை" என்பதும் இருக்கிறது.

பிர்கிட் அந்தப் பதிவின் கோப்பை எடுத்தா. மார்கழியோடு கண்காட்சி முடிகிறது, பதிவுகள் சுவடிக்கூடத்துக்குப் போக வேண்டும், அங்கே அம்டில் வசிப்பவரின் குரல் மட்டும்தான் தேவை, செவ்வி கண்டவர்களின் பகுதியை வெட்டிவிடுகிறோம் என்றா. "உன்னுடையது பதினான்கு நிமிடம். எனக்கு மனமில்லைதான். வெட்டட்டுமா?"

"சனிக்கிழமை சொல்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை கதவு திறக்குமுன்னரே போய்விட்டேன். அவர் தொப்பியும் பழைய பச்சை யக்கெற்றும் போட்டுக்கொண்டு படியில் நின்றார். என்னைக் கண்டு தலையை ஆட்டினார்.

"வந்திட்டியோ?"

"ஓம் மாமா."

"மெலிஞ்சுபோனாய்."

பைக்குள்ளிருந்து கசெற்றை எடுத்து நீட்டினேன். ஒன்பது மாதமாக யோசித்து வைத்திருந்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை. "மாமா, நான் தெரிஞ்சு செய்யேல்லை எண்டு சொல்ல மாட்டன். பாத்திருக்கலாம். பாக்கேல்லை. பிறகு தெரிஞ்சும் உங்களிட்டை வரேல்லை" என்றேன்.

அவர் கசெற்றை வாங்கி, ஒட்டுத்தாளைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். நாடா தொய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தார்.

"எத்தினை நாடு காட்டினாய் அவளுக்கு?"

"மூண்டு."

"விசா இல்லாமலோ?"

அவர் சிரிக்கவில்லை.

"மாமா, என்னோடை கோவமோ?"

"ஓம்" என்றார். சாதாரணமாக, நேரம் சொல்வதுபோல. "நல்ல கோவம். நீ களவெடுத்திருந்தால் திருப்பித் தருவாய் எண்டு இருப்பன். இது திருப்பித் தரேலாத சாமான்."

"அந்த முப்பத்தொரு நிமிசத்திலை என்ன இருந்தது?"

"அது உனக்கேன்?"

நூலகக் கதவைத் திறந்தார்கள். அவர் உள்ளே போகத் திரும்பினார். நான் அவருடைய யக்கெற்றைப் பிடித்து நிறுத்தி, பிர்கிட் சொன்னதைச் சொன்னேன். பிரதியில் அவருடைய கதையை வைத்துக்கொண்டு, செலினின் பகுதியை வெட்டப்போகிறார்கள், அது என் குரல் என்று நினைத்திருக்கிறார்கள் என்றேன். இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பிரதியை வெட்டாமல் உங்களிடமே தரச் சொல்லிக் கேட்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் வாசலிலேயே நின்றார். சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

"எனக்கு இது காணும்" என்றார் கசெற்றைக் காட்டி. "இதிலையும் அதே பதினாலு நிமிசம் கிடக்கு. அங்கை இருக்கிறதை ஏன் வெளியிலை எடுக்கச் சொல்லுறாய்?"

"வெட்டினால் இல்லாமப் போயிடும் மாமா. அம்டிலை இருந்த ஆக்களின்ரை குரல்தானாம் சுவடிக்கூடத்துக்கு."

"வெட்டறதெண்டால் என்ரையை வெட்டச் சொல்லு. என்னட்டைக் கேட்டால் நான் திரும்பவும் சொல்லுவன். அவளிட்டை ஆர் கேக்கிறது?"

"அதுக்குக் காரணம் எழுதிக் குடுக்கவேணும். விண்ணப்பம் மாதிரி..."

"நான் இனி ஒரு விண்ணப்பமும் போடமாட்டன்" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "அவளுக்கெண்டு நான் போட்டது போதும். ரெண்டு வருசம் ஒரு தாளுக்குக் காத்திருந்தாள். இப்ப ஒருத்தரையும் கேளாமல் உள்ளுக்கு வந்திருக்கிறாள். நீ செய்த வேலையாலை வந்திருக்கிறாள். வந்தவளை வெளியிலை விடாதை. எப்பிடிச் செய்வியோ எனக்குத் தெரியாது."

உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பொத்தானை அமத்தினார். கையில் கசெற் இருந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்தார்.

நான் பிர்கிட்டின் மேசைக்குப் போனேன். அந்தக் குரல் என்னுடையதில்லை என்றேன். அவருடைய மனைவி என்றேன். பிர்கிட், "அவர் தனியாக இருப்பவர் என்றல்லவா நினைத்தேன்" என்றா. பிறகு ஒரு புதிய படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினா. "அப்படியென்றால் அவவுக்கும் ஒன்று நிரப்ப வேண்டும். அம்டில் வசிப்பவர் என்றால் வெட்டத் தேவையில்லை. பெயர், விலாசம், எப்போதிருந்து வசிக்கிறா. கீழே நீ ஒப்பமிடு, விபரம் சரி என்று."

பெயர் எழுதினேன். மேரிசெலின் அந்தோனிமுத்து. விலாசத்தில் மாமாவின் மூன்றாம் மாடியை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் என்னால் பொய் ஒன்றை நினைத்துப் பிடிக்க முடியவில்லை. எழும்பி அவரிடம் போனேன். கண்ணை மூடியிருந்தார். தோளைத் தொட்டேன். ஒரு காதிலிருந்து கருவியை மெல்ல விலக்கினார். அதற்குள்ளால் அவருடைய குரலே சின்னதாகக் கேட்டது. கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமா, எந்த வருசத்திலை இருந்து அம்டிலை இருக்கிறா எண்டு கேக்கினம்."

அவர் நூலகத்தின் கூரையைப் பார்த்தார்.

"எண்பத்தெட்டு" என்றார். "புரட்டாசி. கசெற் தபாலிலை வந்த மாசம். அதுக்கு முந்தி இல்லை, பொய் எழுதாதை."

கருவியைத் திரும்பவும் காதில் வைத்துக்கொண்டார். நான் போய் செப்டம்பர் 1988 என்று எழுதி, விபரம் சரி என்ற இடத்தில் ஒப்பமிட்டேன். பிர்கிட் தாளை வாங்கி, வாசித்து, நூற்று நாற்பத்தேழு என்ற கோப்புக்குள் வைத்து மூடினா.